ஜீனோவைப் பார்த்துச் சிரித்தவர்கள்

எங்கள் அன்னூர்ப் பங்கின் இளையோர் மாதம் ஒருமுறை கூடி, ஏதேனும் ஒரு படத்தையோ தொடரையோ பார்த்துவிட்டுக் கலந்துரையாடுவது வழக்கம். அடுத்து எதைப் பார்க்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது கல்லூரி மாணவி ஒருத்தி, "சாமி, சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷன்ல தொடரா வந்துச்சாமுங்க. தேடிப் பிடிச்சுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள். "அது அத்தனை நன்றாயிராதம்மா" என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். அன்றிரவு அச்சொல் என்னை உறுத்தியது. அத்தொடரில் நான் பார்த்தவை இரண்டே வாரங்கள். அதுவும் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் குருமடத்தில் மெய்யியல் பயின்றுகொண்டிருந்தேன். ஆனந்த விகடனில் எண்பதுகளில் வாராவாரம் வெளிவந்த அந்நாவலை எங்களிற் பலர் பள்ளி நாள்களிலேயே படித்திருந்தோம். எனவே நிலா எப்படியிருப்பாள், சிபி எப்படிப் பேசுவான், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இயந்திர நாய் ஜீனோ எப்படியிருக்கும் என்பனவெல்லாம் எங்கள் மனத்தில் முன்னரே வரையப்பட்டிருந்தன. திரையில் ஜீனோ தோன்றியதும் மன்றமே சிரித்தது. இதுவா எங்கள் ஜீனோ?

சமையற்கூடத்தில் பணியாற்றிய அண்ணன் ஒருவரும் வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடியவர். நாவல் எதையும் படித்தறியாதவர். எங்கள் சிரிப்பு அடங்கியதும், "பிரதர், பொம்மைதானுங்க. ஆனா அந்தப் புள்ளைய உட்டுட்டுப் போறதுக்கு அதுக்கு மனசில்லீங்க" என்றார். அதற்கும் சிரித்தோம். அவர் அடுத்த வாரம் வரவில்லை. அதன்பின் எந்த வாரமும் அந்த மன்றத்திற்கு வரவில்லை. நானும் அத்தொடரை அந்த இரண்டாம் வாரத்தோடு விட்டுவிட்டேன்.

மாணவிக்கு விடை சொல்வதற்காகவேனும் நாவலை மீண்டும் எடுத்துப் படித்தேன். கதை 2021-இல் நிகழ்கிறது. இந்தியாவை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். மக்களுக்கு ஈரெழுத்துப் பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிள்ளை பெறுவதற்கு அரசின் இசைவு வேண்டும். முதுமை எய்தியோர் வாழ இடமில்லை. குழந்தை பெற இசைவு பெற்ற நிலாவின் கணவன் காணாமற்போக, ரவி என்ற அந்நியன் ஒருவன் ஜீனோவுடன் அவள் வீட்டிற்குள் நுழைகிறான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திற் பங்கேற்ற ஒருவர், வாக்கே தேவைப்படாத ஒரு நாட்டைக் கற்பனை செய்தார் என்பது இம்முறைதான் எனக்கு உறைத்தது.

2021 வந்தும் போய்விட்டது. ஈரெழுத்துப் பெயர் வரவில்லை. பன்னிரண்டு இலக்க ஆதார் எண் வந்திருக்கிறது. 2020 ஜூலையில், பெருந்தொற்றின் நடுவே, பக்கத்து அவிநாசியில் ஓர் அடக்கச் சடங்கிற்குச் செல்ல வேண்டியிருந்தது. அவிநாசி திருப்பூர் மாவட்டம் என்பதால் இ-பாஸ் இன்றிச் செல்ல இயலாது. கைப்பேசியில் விண்ணப்பித்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு நிலாவின் நினைவு வந்ததுண்டு. நோயைத் தடுக்கவே அந்த ஏற்பாடு என்பதை அறிவேன். ஜீவாவின் அரசோடு அதை ஒப்பிடுவது நேர்மையாகாது. ஆயினும் இசைவுக்குக் காத்திருப்பவனின் நெஞ்சு எவ்வாறு அடித்துக்கொள்ளும் என்பதை நாவலாசிரியர் சரியாகவே அறிந்திருந்தார்.

நாவலிற் குறைகள் இல்லாமலில்லை. பிற்பகுதியில் சூழ்ச்சிமேல் சூழ்ச்சி அடுக்கப்படுகிறது. நிலா பல இடங்களில் பிறர் நகர்த்தும் காயாகவே நிற்கிறாள். ஆனால் அதன் மையமான மறைபொருள் வலியது. மக்கள் வணங்கும் ஜீவா என்றொரு மனிதரே இல்லை. ஒளியால் ஆன வெறும் உருவம். அதை இயக்குவோர் வேறு. இதனைத் தாளிற் படிக்கும்போது நமக்கு வியப்பு மட்டுமே மிஞ்சுகிறது. தொலைக்காட்சியில் நிலை வேறு. அங்கே நிலாவும் ஒளியுருவம், ஜீவாவும் ஒளியுருவம். எது மெய், எது நிழல் எனப் பிரித்தறிய அந்நாட்டு மக்களுக்கு வழியில்லாதது போலவே, பெட்டிமுன் அமர்ந்திருப்பவருக்கும் வழியில்லை. இக்கதைக்குத் தொலைக்காட்சியைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லையென்றே இப்போது தோன்றுகிறது. வாரந்தோறும் பாதியில் நிறுத்தி வாசகரைத் தவிக்கவிட்டுப் பிறந்த கதை, வாரந்தோறும் திரையில் வந்ததும் இயல்பே.

ஜீனோவின் செய்தி சற்றுச் சிக்கலானது. நாவலில் அது முதலில் நமக்குப் பேச்சாகவே அறிமுகமாகிறது. நூல்களைப் படிக்கிறது, கேலி பேசுகிறது, மெல்ல மெல்லப் பரிவு கொள்கிறது. அதன் உடலை நாம் மறந்தே போகிறோம். திரையில் உடலே முதலில் வருகிறது. பேச்சு பின்னால் வருகிறது. அதற்குள் நாம் சிரித்து முடித்துவிடுகிறோம். இது தொடரை எடுத்தவர்களின் குறையா, பார்த்தவர்களின் குறையா? இரண்டும்தான் என்பேன். ஆனால் எங்கள் பங்கு பெரிது. 'ரோபோ' என்ற சொல்லை உலகிற்குத் தந்த காரெல் சாப்பெக்கின் நாடகம் 1921-இல் பிராகா நகரில் மேடையேறியபோது, அந்த ரோபோக்களாக வந்தவர்களும் வேடமிட்ட நடிகர்களே. அதன் முடிவில் இரண்டு ரோபோக்களிடையே அன்பு பிறக்கிறது. அதை ஏற்பதற்குத் தகரமோ மின்கம்பியோ வேண்டியதில்லை; பார்ப்பவரின் இசைவு போதும்.

மறுவாய்ப்பு என்பது இத்தகைய தொடர்களுக்குப் புதிதுமன்று. பிபிசியின் 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள் அது. நாடே வேறு கவலையில் இருந்தது. எனவே அடுத்த வாரம் முதற்பகுதியை மறுபடி ஒளிபரப்பிய பின்னரே இரண்டாம் பகுதியைக் காட்டினர். 'ஸ்டார் டிரெக்' 1969-இல் மூன்றே பருவங்களோடு நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்புகளிலேயே அதற்கு உயிர் வந்தது. எளிய அரங்குகளும் அட்டைப் பாறைகளும் அவற்றிலும் உண்டு. அவற்றைப் பொறுத்துக்கொண்ட நாங்கள், நம் மொழியில் வந்ததை மட்டும் இரண்டு வாரம்கூடப் பொறுக்கவில்லை.

மாணவியை அழைத்து என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தொடர் கிடைத்தால், கிடைக்கும் பகுதிகளைப் பங்கு மன்றத்தில் பார்ப்பதென்று முடிவாயிற்று. அவள் நாவலைப் படித்ததில்லையாம், "முன்னாடியே படிச்சுட்டு வரட்டுங்களா சாமி?" என்றாள். வேண்டாம் என்றேன். படிக்காதவர்கள் முன்வரிசையில் அமரட்டும். படித்தவனாகிய நான் வாசலோரம் நின்று பார்த்துக்கொள்கிறேன்.