பின்னால் நிற்கும் படம்

ஒரு வால்பேப்பர் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் செய்வது, அதன் மேல் ஐகான்களைத் தாராளமாகப் பரப்பி, நாலைந்து விண்டோக்களைத் திறந்து வைப்பதுதான். தனியாகப் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும் படங்கள் பலவும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். கோப்புகளின் பெயர்கள் படத்தின் சந்தடியில் காணாமல் போகும். சுவரில் மாட்டிய ஓவியத்தின் முன்னால் வந்து நின்று பார்க்க ஆள் உண்டு. கணினித் திரையின் படம் நாள் முழுக்க எதற்காவது பின்னால்தான் கிடக்கும். ஓரத்தில் ஒரு கீற்று தெரியும். சாயங்காலம் வேலையை மூடும்போது அரை நிமிடம் முழுதாகத் தெரியும். அந்தக் கீற்றையும் அந்த அரை நிமிடத்தையும் மனத்தில் வைத்துச் செய்வதுதான் இந்தக் கலை. கச்சேரியில் தம்புராவுக்கு உள்ள இடம் இதற்கு.

1984-இல் வந்த முதல் மேக்கின்டாஷ் கணினியிலேயே வீட்டில் செய்துகொள்ளும் பின்னணிக்கு வழி வைத்திருந்தார்கள். திரை 512-க்கு 342 புள்ளி. கறுப்பும் வெள்ளையும் மட்டும். கன்ட்ரோல் பேனலில் எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 கட்டம் கொண்ட ஒரு சிறு சதுரம். ஒரு கட்டத்தை மவுசால் தொட்டால் கறுக்கும், மறுபடி தொட்டால் வெளுக்கும். அதுவே திரை முழுக்கத் திரும்பத் திரும்ப நிரம்பும். 64 புள்ளியில் என்ன செய்துவிட முடியும் என்று நினைப்பவர்கள், ஒரு தாளில் கட்டம் போட்டு, செங்கல் அடுக்கையோ பாய்ப் பின்னலையோ அதற்குள் கொண்டுவர முயன்று பார்க்க வேண்டும். எந்தப் புள்ளியை விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நினைவகம் கொஞ்சமாக இருந்த காலத்தில் சிறு சதுரம்தான் கட்டுப்படியாகும். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இலும் இலை, வைக்கோல் கூரை, செங்கல் என்று குட்டிக் குட்டி பிட்மேப் கோப்புகள் இருந்தன. இன்று பெரும்பாலும் யாரும் இந்த அடுக்கு வகையைத் தொடுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் ஒட்டுத் தெரியாமல் ஒரு சதுரம் செய்வது பெரிய பாடம். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் படத்தைப் பாதி அகலம், பாதி உயரம் நகர்த்தினால் நான்கு ஓரங்களும் நடுவில் வந்து கூடும். ஒட்டு ஒரு சிலுவையாகத் தெரியும். அதைக் குளோன் கருவியால் தடவி மறைப்பது பாதி வேலைதான். திரையில் அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும்போதுதான் மீதிப் பாதி தெரியும். சதுரத்தில் ஓர் இலை மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தால், அடுக்கியதும் அதுவே திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக வரிசை கட்டி நிற்கும். நம் கண் இலையை விட்டுவிட்டு வரிசையைப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த ஒற்றை இலையின் பளபளப்பை அடக்கத் தெரிந்தவர் தேர்ந்த கை.

முழுத்திரைப் படம் என்றதும் விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மேடு எல்லோருக்கும் நினைவு வரும். 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சொனோமா வட்டாரத்தில், காரை நிறுத்தி இறங்கி, மாமியா கேமராவில் வெல்வியா பிலிமில் புகைப்படக்காரர் சார்லஸ் ஓ'ரியர் எடுத்தது. அந்த மேட்டில் அதற்கு முன் திராட்சைக் கொடிகள் இருந்தன. பூச்சி தாக்கியதால் அவற்றைப் பிடுங்கிவிட, அந்த இடத்தில் புல் வந்திருந்தது. கொடிகள் வரிசை வரிசையாக நின்றிருந்தால் நல்ல புகைப்படம் கிடைத்திருக்கலாம், நல்ல வால்பேப்பர் கிடைத்திருக்காது. கோடுகள் ஐகான்களோடு மோதியிருக்கும். இங்கே பார்வையைப் பிடித்து நிறுத்த ஒரு மரம்கூட முன்னால் இல்லை. அந்த வெறுமைதான் 2001-க்குப் பிறகு அத்தனை கோடித் திரைகளில் அது அலுக்காமல் நின்றதற்குக் காரணம் என்பது என் முடிவு.

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வண்ணச் சரிவில். அடர்நீலம் மெல்ல மெல்லக் கறுப்பாகும் வானம் ஒன்றைப் போட்டால் போதும், அழகாக இருக்கும் என்று தோன்றும். சாதாரணக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். நம் சரிவு அதில் 40 படிகளை மட்டும் பயன்படுத்துகிறது, திரையின் அகலமோ 3840 புள்ளி என்றால், ஒவ்வொரு படியும் 96 புள்ளி அகலப் பட்டையாகிவிடும். இருட்டான அறையில் அந்தப் பட்டைகள் தெளிவாகத் தெரியும். மருந்து எளியது: கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மணலைத் தூவுவது, அதாவது கொஞ்சம் நாய்ஸ் சேர்ப்பது. படிகளின் விளிம்பு கலைந்து வானம் மறுபடி வானமாகும். பிறகு அதை பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக் அந்த நுண்மணலைத் தின்றுவிடும். போதாததற்கு விண்டோஸ் 10, நாம் கொடுக்கும் ஜேபெக் படத்தைத் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கித்தான் திரையில் போடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஒரு சிக்குக் கோலத்தை எடுத்துச் செய்த வால்பேப்பரைத்தான் நான் அதிக நாள் மாற்றாமல் வைத்திருக்கிறேன். கோடு போட்ட நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் போட்ட கோலம். ஸ்கேன் செய்து, நோட்டின் நீலக் கோடுகளைப் பொறுமையாக அகற்றியிருக்கிறார். ஆனால் அம்மாவின் பேனா தயங்கி இரண்டு முறை ஓடிய இடத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார். மங்கிய செம்மண் நிறத்தின் மேல், அதைவிடச் சற்றே வெளுத்த கோடு; அவ்வளவுதான் வேறுபாடு. கோலம் நடுவில் இல்லை. வலது கீழ் மூலையில் தொடங்கி, பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. விண்டோஸ் ஐகான்கள் இடப்பக்கம் நிற்பவை. அந்தப் பக்கம் முழுக்க வெறும் செம்மண். கோலத்தை முழுதாகக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையை அவர் அடக்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விண்டோக்களுக்கு இடையே ஒரு சுழி தெரியும்போது மீதிச் சுழிகளை மனம் தானே போட்டுக்கொள்கிறது.

பிரவுசிங் சென்டர் காலத்து ரசிகர் வால்பேப்பர்களையும் இங்கே சொல்ல வேண்டும். நாயகனின் மூன்று ஸ்டில்களைக் கலந்து, ஒளிவட்டம் போட்டு, பெயரைப் பெரிதாக எழுதியவை. அவற்றில் இருந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். முகத்தை மட்டும் ஐகான்கள் வராத பக்கம் தள்ளியிருந்தால் அவற்றில் பல இன்றும் நிற்கும்.

செய்ததைப் பிறருக்குக் கொடுப்பதிலும் ஒரு நேர்த்தி இருக்கிறது. உபுண்டு லினக்ஸின் பல பதிப்புகளில், போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பயனர்களின் படங்கள் இயங்குதளத்தோடு சேர்ந்தே உலகெங்கும் போயின. மாற்றத்தை அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை என்பதால், இறக்கிக்கொண்டவர் மாற்றிக்கொள்ளவும் தடையில்லை. ஸ்மாஷிங் மேகசின் பல ஆண்டுகளாக மாதந்தோறும் வெளியிடும் வால்பேப்பர்களில், நாட்காட்டி உள்ளது, இல்லாதது என இரண்டும், பல அளவுகளில் கிடைக்கும். இதுதான் மரியாதை. 16:9 திரைக்கு வரைந்ததை இழுத்து 4:3 ஆக்கிக் கொடுத்தால் வட்டங்கள் முட்டையாகும். ஒவ்வோர் அளவுக்கும் படத்தை மறுபடி அமைத்துக் கொடுப்பவர், வாங்குபவரின் திரையை நினைத்துப் பார்த்தவர். நடுவில் தன் பெயரைப் பெரிதாகப் போடுவதை நான் ஏற்பதில்லை. கோப்பின் பெயரிலோ மூலையிலோ சிறிதாக இருந்தால் போதும்.

உங்கள் போனில் யாருக்கும் காட்டாத படங்கள் இருக்கும்: மழைக்குப் பின் ஓட்டுக்கூரை, கொடியில் காயும் ஒரு சேலையின் மடிப்பு, வெறும் சுவரில் விழுந்த வெயில். அதில் ஒன்றை 1920-க்கு 1080 அளவில் வெட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, இடப்பக்கத்தை அமைதியாக விட்டு உங்கள் திரையில் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் அலுக்காமல் இருந்தால் பிஎன்ஜியாகவே நண்பர் ஒருவருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.