மரூஉ: சொல்லும் பொருளும்

'மரூஉ' என்னும் குறியீடு 'மருவு' என்னும் வினையடியாகப் பிறந்தது. மருவுதலாவது கலந்து பழகுதல். சிதைதல் அதன் பொருளன்று. 'அருமருந்தன்ன' என்பது 'அருமந்த' என வழங்குதல் இதற்குக் காட்டு. நன்னூலார் மரூஉவை இயல்பு வழக்கின்பாற் படுத்தமையும் ஈண்டு நோக்கத்தக்கது.

ஊவா மாகாணத்துப் பெரகல முதலிய மலையகப் பகுதித் தோட்டங்களில், தொழிலாளர் காலையில் வேலைக்கு அணிவகுக்கும் 'பரேட்', 'பெரட்டு' என வழங்கலாயிற்று. இதனைக் கொச்சையென இகழ்வாருளர். பிறமொழிச் சொல்லாதலின் இது மரூஉ ஆகாது என்பாருமுளர். அத்தடை ஒருபுடை பொருந்துமேனும், இகழ்ச்சி பொருந்தாது. வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் நில்லாது. அவ்விதி பிழையாமல் டகரத்தை இரட்டித்து உகரம் பெய்தோர் ஏடறியாத் தொழிலாளரே. அவர் நாவில் அச்சொல் சிதைந்திலது; தமிழொடு மருவிற்று.