பிஸ்டன் சத்தமும் கிளியரன்ஸ் கணக்கும்

இன்ஜினைப் பிரித்து, போர் அடித்து, ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு ஏற்றிய காரைக் காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது உரிமையாளரின் காது தேடுவது சத்தத்தைத்தான். ஒரு தட்டல் கேட்டுவிட்டால் வேலையே கெட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார். தன் பெயர் கெடாமலிருக்க மெக்கானிக்கும் அடுத்த இன்ஜினைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுகிறார். சத்தத்தைக் குறைக்க நினைப்பதில் தவறில்லை. எதை விலையாகக் கொடுத்துக் குறைக்கிறோம் என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்பதால், வெடிப்பின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுவதோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. சிலிண்டரின் ஒரு சுவரில் சாய்ந்தபடி ஏறிவந்த பிஸ்டன், மேல்முனையைத் தாண்டும் நேரத்தில் எதிர்ச்சுவர் மீது போய் மோதுகிறது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, அதாவது கிளியரன்ஸ், கூடுதலாக இருந்தால் மோதலும் பலமாக இருக்கும். சூடேறி பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி சுருங்கி, தட்டல் மங்கும். குளிரில் கேட்டுச் சூட்டில் மறையும் சத்தம் என்பதே இதன் அடையாளம். ராடு பேரிங் தட்டல் அப்படியல்ல. ஆயில் இளகும்போது அது கூடத்தான் செய்யும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பிஸ்டன்மீது பழி போடுவது பட்டறையில் நடக்கும் முதல் பிழை.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஏன் அதிகம் தட்டுகிறது என்பதற்கு விடை உலோகத்தில் இருக்கிறது. பந்தய இன்ஜின்களுக்கு விரும்பப்படும் 2618 கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. முறியாமல் அடியைத் தாங்கும்; ஆனால் சூட்டில் அதிகம் விரியும். 4032 கலவையில் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் உண்டு; விரிவு குறைவு, முறிதன்மை கொஞ்சம் கூடுதல். கோவையின் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களுக்கு எடுத்துக்கொண்ட மாருதி 800 இன்ஜினையே அளவுகோலாக வைப்போம். அதன் போர் 68.5 மி.மீ. அந்த அளவுள்ள பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் 4032 சுமார் 0.13 மி.மீ. விரியும், 2618 சுமார் 0.15 மி.மீ. விரியும். வித்தியாசம் 0.02 மி.மீ.தான், லேத்துக்காரர் கணக்கில் ஒரு தௌகூட (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இல்லை. ஆனால் சாதாரண வார்ப்புப் பிஸ்டனுக்கு விடும் மொத்தக் கிளியரன்ஸே 0.03 முதல் 0.05 மி.மீ. வரைதான் என்னும்போது அது சின்ன அளவல்ல. 2618-க்கு 0.08 மி.மீ.யும் அதற்கு மேலும் விடச் சொல்வது இதனால்தான். அந்தப் பிஸ்டனை வார்ப்புப் பிஸ்டனின் கிளியரன்ஸில் கட்டினால் காலையில் சத்தம் வராது. முழு வேகத்தில் நீண்ட தூரம் போனபின் பிஸ்டன் பிடித்து, அதன் பக்கச்சுவரான ஸ்கர்ட்டில் கோடு விழும்.

இந்த அபாயத்தைக் காவிரி டெல்டாவின் லேத் பட்டறைகள் வேறு வழியில் நன்றாகவே அறிந்தவை. அவற்றின் கை பழகியது காரில் அல்ல, டிராக்டரில். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களும் அவற்றின் சிம்சன் டீசல் இன்ஜின்களும் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது மரபு. தண்ணீர் வந்ததும் குறுவைக்குச் சேற்றுழவு எல்லா வயலிலும் ஒன்றாகத் தொடங்கும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பாரத்தோடு ஓடும். ரேடியேட்டரில் சேறும் சருகும் அடைக்கும். அந்த நேரத்தில் பிஸ்டன் பிடித்தால் நாற்று காத்திருக்காது. தட்டும் இன்ஜின் ஓடும், பிடித்த இன்ஜின் நிற்கும் என்பதே இங்கே கணக்கு. தாராளமாகக் கிளியரன்ஸ் விடும் இந்த வழக்கம் பாரம் சுமக்கும் இன்ஜினுக்குப் பொருந்தும். அதன் குறை, எவ்வளவு தாராளம் என்பதை எழுதிவைக்காததுதான். கையால் பிஸ்டனைத் தள்ளிப் பார்த்தோ, ஃபீலர் தகட்டைப் பக்கத்தில் செருகி இழுத்துப் பார்த்தோ முடிவு செய்கிறார்கள். வளைந்த சுவரில் தட்டைத் தகடு சரியாக ஒட்டாது. இழுக்கும் கைக்கு ஏற்ப அளவும் மாறும். டீசல் டிராக்டர் பொறுத்துக்கொள்ளும் இந்தப் பிழையை, சுழற்சி கூடிய கார் இன்ஜின் பொறுத்துக்கொள்ளாது.

அப்படியானால் கிளியரன்ஸைக் குறைக்காமல் சத்தத்தைக் குறைக்க முடியாதா? முடியும், அதற்கான வழிகள் தரத்தில் ஒன்றுபோல் இல்லை.

பழைமையானதும் சிறந்ததுமான வழி, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னைச் சற்று ஒதுக்கி வைப்பது. கம்பெனிப் பிஸ்டன்களில் பின்னின் மையத்தை, அழுத்தம் அதிகம் விழும் சுவர்ப் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் அளவில் தள்ளி வைப்பார்கள். மேல்முனைக்கு முன்னரே, அழுத்தம் குறைவாக இருக்கும்போதே பிஸ்டன் மெல்லச் சாய்ந்துவிடுவதால் மோதல் தணிகிறது. பந்தயப் பிஸ்டன்களில் உராய்வைக் கருதிப் பெரும்பாலும் இந்த ஒதுக்கம் வைப்பதில்லை. தெருவில் ஓடும் காருக்குப் பிஸ்டன் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய விவரம் இது. ஒதுக்கம் உள்ள பிஸ்டனில் தலையிலிருக்கும் அம்புக்குறியைப் பார்க்காமல் திருப்பிப் போட்டாலும், கிளியரன்ஸ் சரியாக இருந்தும் தட்டும்.

அடுத்தது போரின் வடிவம். ஹெட் போல்ட்டுகளை இறுக்கியதும் சிலிண்டர் சற்றுக் கோணும். ஹெட்டுக்குப் பதிலாக டார்க் பிளேட்டை மாட்டி இறுக்கிவைத்து ஹோனிங் செய்தால், ஓடும் நிலையில் போர் வட்டமாக நிற்கும். வட்டம் சரியாக இருந்தால் உற்பத்தியாளர் சொன்ன வரம்பின் கீழ் எல்லையில் துணிந்து கட்டலாம். இதன் குறை செலவு. ஒவ்வொரு இன்ஜின் மாதிரிக்கும் தனித்தனிப் பிளேட் வேண்டும். மாவட்டத்துப் பட்டறைக்கு அது எளிதில் கட்டுப்படியாகாது.

ஸ்கர்ட்டில் கிராஃபைட் அல்லது மாலிப்டினம் டைசல்ஃபைடு பூசுவது மூன்றாவது வழி. முதல் ஓட்டத்தில் உராய்வு குறையும், சத்தமும் கொஞ்சம் மென்மையாகும். ஆனால் பூச்சின் மேல் மைக்ரோமீட்டர் வைப்பதா, பூச்சைக் கழித்துக் கணக்கிடுவதா என்பதில் உற்பத்தியாளர்களின் முறை வேறுபடும். அதைப் பாராமல் போர் அடித்தால், கிடைத்த கிளியரன்ஸ் காகிதத்தில் மட்டும் சரியாக இருக்கும்.

விலக்க வேண்டியவையும் உண்டு. தேய்ந்த பிஸ்டனின் ஸ்கர்ட்டைக் கொத்தி மேடாக்கி ஆட்டத்தைக் குறைப்பது ஒன்று. அந்த மேடுகள் விரைவில் தேய்ந்து பழைய சத்தம் திரும்பும். கெட்டியான ஆயிலை ஊற்றி அடக்குவது இன்னொன்று; குறுகலான பேரிங் இடைவெளி கொண்ட இன்ஜினில் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் எட்ட வேண்டிய இடத்துக்குத் தாமதமாகவே போகும். இரண்டும் கோளாறை விட்டுவிட்டு அதன் அறிகுறியை மட்டும் மறைப்பவை.

மறுபக்கத்தின் வாதமும் முழுக்கச் சரியல்ல. ஃபோர்ஜ்டு என்றால் தட்டத்தான் செய்யும் என்று எல்லாச் சத்தத்தையும் ஏற்றுக்கொள்பவர்கள் ஓர் ஆபத்தைக் காணாமல் விடுகிறார்கள். இன்றைய கார்களில் நாக் சென்சார் உண்டு. பிஸ்டன் தட்டலை அது எரிபொருள் வெடித்தட்டல் என்று எடுத்துக்கொண்டால், இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளும். பவருக்காகப் பணம் போட்டவர் அந்தப் பவரையே இழப்பார். அளவுக்கு மீறி ஆடும் பிஸ்டனில் ரிங்கும் சுவரோடு நேராக அமராது, ஆயில் எரியும்.

எங்கள் பருவநிலை ஒரு சலுகை தருகிறது. தஞ்சையில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பனி நாடுகளைப்போல இங்கே பிஸ்டன் நீண்ட நேரம் குளிர்ந்த நிலையில் ஆட வேண்டியதில்லை. ஆகவே குளிர்ச் சத்தத்தைப் போக்குவதற்காக இறுக்கிக் கட்டும் நியாயம் இங்கே இன்னும் பலவீனம். கோடையில் நெரிசலில் ஏறும் சூடு, இறுக்கத்தின் ஆபத்தையே கூட்டுகிறது.

தினசரி ஓடும், சற்றே முடுக்கிய காருக்கு 4032 பிஸ்டன், ஒதுக்கிய பின், நல்ல ஹோனிங் என்ற கூட்டு போதும். சத்தம் தானாகவே குறையும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டப்போகிறவருக்கு 2618 பொருந்தும். காலைத் தட்டலை அவர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டிலும் உரிமையாளர் பட்டறையிடம் கேட்க வேண்டியது ஒரு சீட்டு: ஒவ்வொரு போரும் மேல், நடு, கீழ் என எடுத்த அளவு, பிஸ்டனின் அளவு, விட்ட கிளியரன்ஸ். அந்த எண்களும் உற்பத்தியாளரின் எண்களும் ஒத்துப்போனால் லேசான குளிர்ச் சத்தத்துக்கு அஞ்ச வேண்டாம். ஒத்துப்போகாவிட்டால், இன்ஜின் எவ்வளவு அமைதியாக ஓடினாலும் பணம் கொடுக்குமுன் மறுபடி பிரிக்கச் சொல்லுங்கள்.