மரபை மறுத்த இசையின் வாரிசுகள்

பங்க் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருவாகி, தேர்ந்த வாத்தியப் பயிற்சியைவிட வேகத்தையும் கோபத்தையும், யாரும் மேடையேறலாம் என்ற துணிவையும் முன்னிறுத்திய ராக் இசைவகையாகும். முன்னோரிடமிருந்து எதையும் பெறவில்லை என்று அறிவித்துக்கொண்ட இவ்விசைக்கு வாரிசுச் சிக்கல் எழாது என்றே அன்று தோன்றியிருக்கும்; ஆயினும் அதன் முதல் தலைமுறையினர் முதுமையடைந்தும் மறைந்தும் வரும் காலத்தில் வெளியான சில முக்கிய நினைவுநூல்களையும் ஆவணப்படங்களையும் நோக்கினால், அவற்றின் மையத்தில் இசையைவிட முறிந்த குடும்ப உறவே நிற்கக் காணலாம்.

குடும்பத்தின் வழியாகக் கலை கைமாறும் ஓரிடத்திலிருந்து பார்த்தால் இதன் விசித்திரம் தெளிவாகும். திருவண்ணாமலை மாவட்டத்தில், திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கதையை நிகழ்த்தும் தெருக்கூத்துக் குழுவை ஜமா என்பர். குழுவை நடத்தும் வாத்தியாரிடமிருந்து மாணவனுக்கும், பல குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கும் பாட்டும் அடவும் சென்று சேர்கின்றன. செய்யாறு அருகே புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் குடும்பம் தலைமுறைகளாகக் கூத்தாடி வருவது இதற்கு அறியப்பட்ட சான்றாகும். இங்கே வீட்டை விட்டு விலகுபவர் கலையையும் இழக்கக்கூடும். பங்க்கிலோ விலகலே கலைக்குள் நுழையும் வழியாயிற்று.

செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் மேலாளர் மால்கம் மெக்லாரன் 2010இல் மறைந்தபோது, ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் வழி பிறந்த மகன் ஜோ கோரேக்கு உயிலில் இடமில்லை. அம்மகன் 2016 நவம்பர் 26 அன்று, அக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்த நாற்பதாம் ஆண்டு நிறைவில், தம்மிடமிருந்த பங்க் சேகரிப்பைத் தேம்ஸ் நதியில் படகின்மேல் வைத்து எரித்தார். நினைவுப் பொருளாக ஏலம் போவதைவிட எரிவதே அவ்விசையின் போக்குக்கு உகந்தது என்று வாதிடலாம். ஐம்பது லட்சம் பவுண்டு என்று விலை சொல்லிக்கொண்டே எரித்தது அவ்வாதத்தைச் சற்றே பலவீனமாக்குகிறது. தி ஸ்லிட்ஸ் குழுவின் கிதார் கலைஞர் விவ் ஆல்பர்ட்டீன் 2018இல் வெளியிட்ட தம் இரண்டாம் நினைவுநூலில், பெற்றோர் இருவரும் தனித்தனியே எழுதிவைத்த நாட்குறிப்புகளைக் கொண்டு அவர்களின் மணமுறிவை ஆராய்கிறார். எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன் 2011இல் மறைந்தபின், சிறுவயதில் தாயைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த மகள் செலஸ்ட் பெல், 2021இல் தாயைப் பற்றிய ஆவணப்படத்தை இணைந்து இயக்கினார். இம்மூன்றிலும் ஒருவர் விட்டுச்சென்றதற்குப் பொருள் சொல்பவர் பிள்ளையே.

இவ்வரிசையில் தமிழ் வாசகர் முதன்மையாகக் கருதத்தக்கவர், எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். அவரது இசை ராப்பும் மின்னிசையும் கலந்ததாயினும், அதன் மனப்பாங்கு பங்க்கினுடையது. புகழ்பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலே தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பதிவொன்றின் துணுக்கின்மேல் எழுப்பப்பட்டது. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கை சென்று, 1986இல் தாயுடனும் உடன்பிறந்தவர்களுடனும் அகதியாக லண்டன் திரும்பியவர் அவர். ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தின் தொடக்ககால முன்னோடிகளுள் ஒருவரான தந்தை அருளர், தலைமறைவு வாழ்க்கையின் காரணமாகப் பிள்ளைகளுக்குத் தந்தையாக அன்றி உறவினராகவே அறிமுகப்படுத்தப்பட்டார்.

2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்கு மகள் 'அருளர்' என்றே பெயரிட்டார். தம் பெயரை இணையத்தில் தேடும் தந்தையின் கண்ணில் அது படட்டும் என்பது நோக்கம். பெயரை மாற்றும்படி தந்தை மின்னஞ்சல் அனுப்பியும் மகள் மாற்றவில்லை. உடனிருந்து வளர்த்த தாயின் பெயரோ இரண்டாவதாகவே வந்தது: 2007இன் 'கலா', சென்னையில் பதிவான உறுமி மேளத்தின் அதிர்வைக் கொண்டது. அரண்மனை விருதுப் பதக்கங்களைக் கையால் தைத்துப் பிழைத்த அத்தாயின் மகளுக்கு 2019இல் எம்.பி.ஈ. என்ற பிரிட்டிஷ் அரச விருது அறிவிக்கப்பட்டது; அருளர் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

மரபு இங்கே அறுந்துவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது, ஆனால் பிழையாகும். அருளர் எழுத்தாளரும் கூட. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1977 வன்செயலுக்குப்பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை வடக்கே ஏற்றிச்சென்ற கப்பலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'லங்கா ராணி' நாவல் அவருடையது. மகள் 2015இல் வெளியிட்ட 'பார்டர்ஸ்' பாடலின் காணொளியில் படகுகளிலும் வேலிகளிலும் நிறைந்திருப்பவர்களும் அகதிகளே. தந்தையை ஈழ இலக்கியத்திலும் மகளை மேற்கத்திய இசையிலுமாகப் பிரித்து வைத்துப் பேசும் வழக்கத்தைக் கைவிட்டு, கடல்வழி ஓடியவர்களைப் பற்றிய இவ்விரண்டு படைப்புகளையும் ஒன்றாக வாசிப்பது ஈழ இலக்கிய ஆய்வாளர்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.