தீர்ப்புக்குப் பின் எழும் கதை

முடிந்துபோன கொலைவழக்கு ஒன்றை மீண்டும் கையிலெடுத்து, சான்றுகளை ஆராய்ந்து, உண்மை காண முயலும் கதையிலக்கியம் இக்காலத்தே பெருகி வருகின்றது. நூலாகவும் தொடர்கட்டுரையாகவும் ஒலி, ஒளிப் படைப்பாகவும் அது நாள்தோறும் தோன்றுகின்றது. இது மேனாட்டிலிருந்து வந்த துறை என்பாரும் உளர். இத்தகைய கதைக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு என்பதும், இன்று எழுவனவற்றை மதிப்பிடுதற்குரிய அளவுகோலை அம்மரபே தருகின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். கோவலன் ஆராயாத தீர்ப்பினாற் கொலையுண்டான் என்பதனை யாவரும் அறிவர். அக்கொலை எவ்வாறு நிறைவேறிற்று என்பதோ போதிய அளவு கருதப்படவில்லை. கொலைக்களக் காதையிற் காவலருட் சிலர் கோவலன் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் என ஐயுறுகின்றனர். அவ்வையத்தைப் பொற்கொல்லன் சான்று காட்டிப் போக்கினான் அல்லன். கதை சொல்லியே போக்கினான். கள்வர் கைக்கொள்ளும் எண்வகைத் துணைகளை விரித்துரைத்து, அவர்தம் திறமைக்கு எடுத்துக்காட்டுகளும் கூறினான். காவலருள் ஒருவனும் தான் முன்பு கண்ட கள்வன் ஒருவனைப் பற்றிக் கூறலானான். கதைமேற் கதையாக அச்சம் வளர்ந்தது. கல்லாக் காவலன் ஒருவன் வாளை வீசினான். எனவே, கோவலனைக் கொன்றது வாள் மட்டும் அன்று. சுவைபடச் சொல்லப்பட்ட கதைகளும் ஆம்.

கண்ணகி செய்ததோ இதற்கு நேர்மாறானது. அவள் அரசவையில் தன் கணவன் நற்குணங்களை விரித்தாள் அல்லள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள்; அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான்; சிலம்பு உடைந்தது; வழக்கு முடிந்தது. உடைத்துப் பார்க்கத்தக்க ஒரு பொருளே தீர்ப்பை மாற்றியது. பொய்க் குற்றச்சாட்டைத் துலக்கும் கதைக்கு இளங்கோவடிகள் வகுத்த இலக்கணம் இதுவே எனலாம்.

இனி நாஞ்சில் நாட்டு மரபினைக் காண்போம். அல்லற்பட்டு மாண்டோரின் வரலாற்றை அவர்தம் கொடைவிழாவில் வில்லிசையாகப் பாடுதல் இந்நாட்டு வழக்கம். இவ்வகையில் நீலி கதை தலைசிறந்தது. பழையனூரைக் களமாகக் கொண்ட அக்கதையை இவ்வட்டார மரபு நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டோடு இணைத்துப் பேசும். அணிகலன்களுக்கு ஆசைப்பட்ட காதலன், துயின்ற பெண்ணைக் கல்லாற் கொல்கிறான். கண்டவர் எவரும் இலர். அவள் கள்ளிச்செடியைச் சாட்சியாக்கி உயிர்விடுகிறாள். மறுபிறப்பில் அவன் வணிகனாகிறான். அவள் கள்ளியையே குழந்தையாக்கிக் கையில் ஏந்தி, அவன் மனைவி எனக் கூறி அவனைத் தொடர்கிறாள். குழந்தை அவனைத் தந்தையென அழைத்த அளவில் ஊர் வேளாளர் எழுபதின்மர் நம்பி, அவனுக்குத் தம் உயிரைப் பிணையாக்கி, இருவரையும் ஒரு வீட்டில் இருத்துகின்றனர். இரவில் அவன் மாள்கிறான். எழுபதின்மரும் சொற்பிழையாது தீப்புகுகின்றனர்.

இக்கதையின் நுட்பம் உணரத்தக்கது. நீலிக்கு இழைக்கப்பட்ட கொடுமை மெய். அவள் மன்றத்திற் கூறிய வழக்கோ பொய். பாதிக்கப்பட்டோரின் அழுகையும் ஆராயப்படல் வேண்டும் என்பதையும், ஆராயாத நடுவர் தம் பிழைக்கு விலை கொடுத்தாக வேண்டும் என்பதையும் கதை ஒருங்கே உணர்த்துகின்றது. கொலையுண்டாளை அது மறக்கவும் இல்லை. அவள் செயலை மறைக்கவும் இல்லை.

இவ்விரு அளவுகோல்களையும் கொண்டு நம் காலத்து வழக்கு ஒன்றை நோக்குவோம். ‘இந்துநேசன்’ என்னும் இதழின் ஆசிரியர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவிற் செல்கையிற் கத்தியாற் குத்தப்பட்டு, மறுநாள் மாண்டார். திரைக்கலைஞரின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய அவதூறுகளால் விலைபோன இதழ் அது. அவ்வாண்டு டிசம்பரில் எம். கே. தியாகராஜ பாகவதரும் நாகர்கோவில் ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் பிறர் சிலரோடு கைது செய்யப்பட்டனர். ஜூரர் முன் நடந்த விசாரணையின் முடிவில், 1945 மே மாதத்தில் இருவர்க்கும் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. பாகவதரும் கிருஷ்ணனும் நடித்த ‘ஹரிதாஸ்’ அரங்கில் ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் சிறையில் இருந்தனர். மேல்முறையீடு உயர்நீதிமன்றத்தில் தோற்றது. பிரிவி கவுன்சில் மறுவிசாரணைக்கு வழிசெய்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர். கிருஷ்ணன் மீண்டும் மேடையும் திரையும் ஏறினார். பாகவதரின் பழைய புகழ் முழுமையாகத் திரும்பவில்லை. கொன்றவர் யார் என்பது இன்றும் விடுபடாத புதிராகவே கருதப்படுகின்றது.

வழக்கறிஞரும் திரைப்பட வரலாற்றாசிரியருமான ராண்டார் கை (1937–2023) உள்ளிட்ட பலர் இவ்வழக்கை மீளக் கூறியுள்ளனர். இவ்வாறு மீளக் கூறுவோர் பொதுவாக அஞ்சத்தக்க குறைகள் மூன்று. நீதிமன்றம் விட்ட இடத்தை நிரப்ப விரும்பி, செவிவழிச் செய்தியைக் கொண்டு ‘மெய்யான கொலைஞன்’ இன்னான் எனச் சுட்டுதல் முதற்குறை. இது பொற்கொல்லன் வழி. அதனினும், மாண்ட இதழாசிரியரின் வழியே ஆகும். அவதூற்றாற் பிறந்த வழக்கை அவதூற்றால் முடிக்க முனைதல் எள்ளத்தக்கது. இறந்தவரின் இழிதொழிலைச் சொல்லிச் சொல்லி, அவர் கொலை கொலையே அன்று என்பதுபோல் ஆக்குதல் இரண்டாவது குறை. புகழ்பெற்ற இருவரை மட்டும் பேசி, உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ஏனையோரை மறத்தல் மூன்றாவது. புகழில்லாதவனுக்கும் சிறையின் நாள் ஒரு நாளே.

ஈண்டு எம் நாட்டாரை நோக்கியும் ஒரு சொல் கூறுதல் கடன். கலைவாணர் எம் ஊரினர், எங்கள் வில்லுப்பாட்டை நகரமேடைக்குக் கொண்டு சென்றவர், ஈகையாற் சிறந்தவர். ஆதலின், அவர் குற்றமற்றவர் என்பதற்கு எங்கள் அன்பே போதும் என எண்ணுகின்றோம். அன்பு சான்று ஆகாது. அன்பினால் ஒருவரை விடுவிக்கும் மன்றம் வெறுப்பினால் இன்னொருவரைத் தண்டிக்கவும் துணியும். சான்றை மீண்டும் எடைபோட்ட தீர்ப்பே அவர் பெயரைக் காத்தது. அதனை அன்பினும் உயர்வாகப் போற்றுதல் வேண்டும்.

ஆகவே, இத்துறையில் எழுதுவாரும் ஆராய்வாரும் ஒவ்வொரு படைப்பையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்புவாராக. உடைத்துப் பார்க்கத்தக்க சிலம்பு இதன்கண் உளதா? மாண்டவர் எத்தகையராயினும் அவர்க்கு இடம் உளதா? சான்று நிற்கும் இடத்தில் கதையும் நிற்கின்றதா? மூன்றாவது வினாவிற்கு ஆம் என விடையிறுத்தல் கதைசொல்லிக்கு அரிது; முடிவில்லாக் கதையைக் கேட்போர் விரும்புவதில்லை. எனினும், கள்ளியன்றி வேறு சாட்சி இல்லாத கொலைகள் உலகில் உண்டு. அத்தகைய கொலையில் கள்ளியைக் குழந்தையாக்கிப் பேச வைத்தல் நீலிக்கு இயலும். ஆராய்ச்சியாளனுக்கு அஃது ஆகாது.