பாதியில் நின்ற பொம்மைப் படம்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையை நாம் இரண்டு ஊர்களில் கழித்தோம். முதல் இரண்டு நாட்கள் விழுப்புரத்தில், தங்கை மகள் இல்லத்தில். அடுத்த இரண்டு நாட்கள் திண்டிவனத்தில், இளவல் இல்லத்தில். இரு இல்லங்களிலும் குழந்தைகள் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியும் உண்டு. ஓரிடத்தில் ஒரு படம் பாதியில் நிறுத்தப்பட்டது. மற்றோரிடத்தில் ஒரு படம் மூன்று முறை திரும்பத் திரும்ப ஓடியது. நிறுத்தப்பட்டது எது, ஓடவிடப்பட்டது எது என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

விழுப்புரத்தில் ஒன்பது வயதுப் பேரன் பார்த்துக்கொண்டிருந்தது 'கோரலைன்' என்னும் பொம்மைப் படம். நீல் கெய்மன் 2002-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, ஹென்றி செலிக் இயக்கி, 2009-இல் வெளிவந்தது. பிள்ளையின் தாய் சமையற்கட்டிலிருந்து முதல்முறை எட்டிப் பார்த்தபோது, திரையில் ஒரு சிறுமியின் முன்னே விருந்து பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. தாய் தட்டுகளைப் பார்த்தாள். பரிமாறியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. புன்னகையோடு திரும்பிச் சென்றாள். இரண்டாம் முறை வந்தபோது சிறுமியின் முன்னே ஊசி, நூல், இரண்டு கறுப்புப் பொத்தான்கள் வைக்கப்பட்டிருந்தன. "என்ன கண்றாவி இது! பெருநாளும் அதுவுமாய்ப் பேய்ப் படமா? நல்ல கார்ட்டூன் எதையாவது பாரு" என்று பெட்டியை அணைத்துவிட்டாள்.

அன்றிரவு பிள்ளை உறங்கவில்லை. நள்ளிரவில் நம் பாயருகே வந்து, "நன்னா, அந்தப் பொண்ணு வெளியே வந்துச்சா இல்லையா?" என்று கேட்டான். வந்துவிட்டாள் என்று கதையின் மீதியைச் சொன்ன பிறகே அவனுக்குக் கண் மூடிற்று. தாய் மறுநாள் நம்மிடம், "பார்த்தீர்களா மாமா, அந்தப் படத்தால் வந்த வினை" என்றாள். வினை படத்தால் வந்ததா, அதைப் பாதியில் நிறுத்தியதால் வந்ததா என்பது நம் ஐயம்.

இவ்வகைப் படங்களை ஸ்டாப் மோஷன் என்பர். வரைந்த சித்திரமும் இல்லை, கணிப்பொறி உருவமும் இல்லை. மெய்யாகவே ஒரு பொம்மையைச் செய்து, அதன் கையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம் எடுப்பர். மீண்டும் இம்மியளவு நகர்த்தி இன்னொரு படம் எடுப்பர். திரையில் ஒரு விநாடி ஓட 24 படங்கள் வேண்டும். ஒரு படத்தை இருமுறை பயன்படுத்தினாலும் விநாடிக்கு 12 முறை பொம்மையைத் தொட்டாக வேண்டும். ஒரு கலைஞர் ஒரு வாரம் முழுதும் உழைத்தாலும் கிடைப்பது சில விநாடிக் காட்சியே. நம் நாட்டுக்கும் இக்கலை புதிதன்று. தாதாசாகேப் பால்கே 1915-இலேயே தீக்குச்சிகளை நகர்த்திப் படமெடுத்துக் காட்டியவர்.

இம்முறையில் செய்தவரின் கை மறைவதில்லை. 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தில் அந்தப் பெருங்குரங்கின் ரோமம் ஓயாமல் சிலிர்த்துக்கொண்டிருக்கும். காற்றால் அன்று, ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் விரல்கள் பட்டதால். 'கோரலைன்' சிறுமி அணிந்த குட்டிக் கம்பளிச் சட்டை, மயிரிழை போன்ற ஊசிகளால் மெய்யாகவே பின்னப்பட்டது. அப்படத்து மரங்களில் பூத்துக் குலுங்கும் மலர்கள் வண்ணம் பூசிய சோளப்பொரி. விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டில் காகிதக் கூழையும் கிழங்கு மாவையும் பிசைந்து சிலை வார்ப்பவர்களைப் பார்த்த கண்ணுக்கு இந்தப் பொறுமை விளங்கும். அத்தகைய பொருளுக்கு எடை உண்டு, நிழல் உண்டு, குறையும் உண்டு. அந்தக் குறையினாலேயே குழந்தை அதனை நம்புகிறது. பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிப் படங்களிலோ முகங்கள் பளிங்குபோல் வழவழப்பானவை. எவர் கையும் பட்ட சுவடு இராது.

எனினும் வேலைப்பாட்டை மட்டும் கொண்டு ஒரு கலையை உயர்த்திவிட முடியாது. அது என்ன சொல்கிறது என்பதன்றோ கேள்வி? 'கோரலைன்' கதையில் பெற்றோர் தம் வேலையில் மூழ்கியவர்கள். மகள் சொல்வதைக் காதில் வாங்க நேரமற்றவர்கள். சிறுமி ஒரு சிறு கதவைத் திறந்து வேறொரு வீட்டுக்குள் நுழைகிறாள். அங்கே அதே தாய், அதே தந்தை. ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கிறது. தோட்டம் பூத்துக் கிடக்கிறது. வேளைக்கு வேளை விருந்து. அந்தத் தாய்க்குக் கண்களுக்குப் பதில் பொத்தான்கள். நிரந்தரமாக அங்கேயே தங்க வேண்டுமானால், சிறுமியும் தன் கண்களைக் கொடுத்துப் பொத்தான் தைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறே கண்களை இழந்த மூன்று பிள்ளைகளின் ஆவிகள் அங்கே அடைபட்டிருக்கின்றன. சிறுமி அஞ்சுகிறாள், ஆயினும் தன் மெய்யான பெற்றோரை மீட்க அதே வீட்டுக்குள் மீண்டும் போகிறாள். மீட்ட பின்னரும் பெற்றோர் தேவதைகளாகிவிடவில்லை. வேலைத் தொல்லை உள்ள மனிதர்களாகவே இருக்கின்றனர். அவள் அவர்களை அவ்வாறே ஏற்கிறாள்.

இப்படத்தில் ஆபத்து இருட்டில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. எதையும் மறுக்காத அந்தப் பளபளப்பான வீடுதான் பொறி. நாம் 'நல்ல கார்ட்டூன்' என்று பிள்ளைகள் கையில் கொடுப்பவற்றுள் பல அந்த வீட்டையே ஒத்தவை அல்லவா? விருந்தைக் கண்டு புன்னகைத்துச் சென்ற தாய், ஊசியைக் கண்டு பெட்டியை அணைத்தபோது, பிள்ளையை அவ்வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டாள். வெளியேறும் வழி படத்தின் பிற்பாதியில் இருந்தது.

திண்டிவனத்தில் மூன்று முறை ஓடிய படம் டிஸ்னி நிறுவனத்தின் 'அலாவுதீன்'. 1992-இல் வந்தது, வண்ணமும் பாட்டும் நகைச்சுவையும் நிறைந்தது. வீட்டில் ஒருவரும் அதை ஆட்சேபிக்கவில்லை. நம்மவர் கதை என்ற பெருமிதம்கூட இருந்தது. ஆனால் அப்படம் தொடங்கும் பாடல், அரபுநாட்டைக் காதறுக்கும் காட்டுமிராண்டி நாடாகச் சித்திரித்தது. அமெரிக்காவில் வாழும் அரபு மக்களின் அமைப்பு எதிர்த்துக் குரல் எழுப்பவே, 1993-இல் வீடியோ நாடா வெளியானபோது காதறுக்கும் வரி மாற்றப்பட்டது. காட்டுமிராண்டித்தனம் என்னும் சொல் மட்டும் அப்படியே நின்றது. அலாவுதீனும் இளவரசியும் அமெரிக்கர்போல் பேச, தீயவர்களுக்கும் வணிகர்களுக்கும் மட்டும் கரடுமுரடான அயல் உச்சரிப்பு. இத்தனையும் நம் வீட்டுக் கூடத்தில் சிரிப்பொலிக்கிடையே நுழைந்தது. ஒரு பிள்ளையும் உறக்கம் கெடவில்லை. உறக்கம் கெடாததாலேயே எவரும் விசாரிக்கவும் இல்லை.

இதே ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து, டிஸ்னிக்கு 66 ஆண்டுகள் முன்னரே, ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி 'இளவரசர் அஹ்மது' கதையைப் படமாக்கினார். 1923 முதல் 1926 வரை மூன்றாண்டு உழைப்பு. கறுப்பு அட்டையைக் கத்தரியால் நறுக்கி உருவங்கள் செய்து, ஒளியின் மேல் கிடத்தி, அணு அணுவாக நகர்த்தி எடுத்தது. இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அசைவுப் படங்களுள் அதுவே பழையது. திரையில் இருப்பதெல்லாம் நிழல். ஆயினும் கத்தரியின் நுட்பத்தில் ஒரு விரலசைவுகூடப் பேசுகிறது. அப்படத்திலும் கீழைநாட்டைப் பற்றிய மேலைநாட்டுக் கற்பனைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அது நம்மைக் கேலிப்பொருளாக்கவில்லை. நிழலாட்டமும் நமக்கு அந்நியமானதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இப்னு தானியால் நிழல் நாடகங்கள் எழுதினார்; துருக்கியரின் கராகோஸ் உலகறிந்தது.

2022-இல் ஒரே கதை இரு விதமாக வந்தது. 'பினோக்கியோ' என்னும் மரப்பொம்மைச் சிறுவனின் கதை. டிஸ்னி தன் 1940-ஆம் ஆண்டுப் படத்தை நடிகர்களையும் கணிப்பொறி உருவங்களையும் கொண்டு புதுப்பித்தது. அதே ஆண்டில் கியர்மோ தெல் தோரோ, மார்க் கஸ்டாப்சனுடன் இணைந்து அதனைப் பொம்மைப் படமாக எடுத்தார். 2023-இல் ஆஸ்கர் விருதும் பெற்றார். அவருடைய சிறுவன் செம்மையாகச் செதுக்கப்படாதவன். முதுகில் ஆணிகள் துருத்தி நிற்கும். கதை முசோலினியின் இத்தாலியில் நடக்கிறது. போரில் மகனை இழந்த தந்தையின் துயரில் தொடங்குகிறது. இறந்த மகனைப்போல் இவன் இல்லையே என்று ஏங்கும் தந்தை, இறுதியில் இவனை இவனாகவே ஏற்கிறார். பின்னர் தந்தையும் மறைகிறார்; மகன் தனித்து நடக்கிறான். மவுத்து என்னும் சொல்லை நாம் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைக்கலாம். வீட்டிலிருந்து சந்தூக் புறப்படும் நாளில் எப்படி மறைப்பது?

இருண்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது மேலைநாட்டு வழக்கம் என்பாரும் உளர். திண்டிவனத்திற்கு மேற்கே செஞ்சிக் கோட்டை நிற்கிறது. 1714-இல் அங்கே ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டான் இளம் மன்னன் தேசிங்கு. மணப்பந்தலை விட்டெழுந்து, நண்பனுக்காகக் களம் புகுந்து உயிர்துறந்தவன் மகபத்கான். மோவுத்துக்காரன் என்று கதைப்பாட்டு அவனை அழைக்கும். இக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் தலைமுறையினர். அதில் யாரும் பிழைக்கவில்லை. மணமகள் காத்திருந்ததே மிச்சம். அதைக் கேட்டு அழுதோம், ஆனால் கெட்டுப்போகவில்லை. நட்பு என்றால் என்ன விலை என்பதை அங்கேதான் அறிந்தோம். பெரியவர்களும் எங்களைக் கேட்கச் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை, அருகில் இருந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இருண்டது எல்லாம் ஆழமானது என்று கொள்ளலாகாது. அச்சத்தை வெறும் அலங்காரமாகப் பூசிக்கொள்ளும் பொம்மைப் படங்களும் உண்டு. ஐந்து வயதுக் குழந்தைக்குக் 'கோரலைன்' ஆகாது; நான்காண்டு பொறுப்பதால் நட்டமில்லை. பெரிய நிறுவனப் படங்கள் எல்லாம் பொய் என்பதும் நியாயமன்று. 1942-இன் 'பாம்பி'யில் தாய்மான் சுடப்பட்டு இறப்பதை மறக்க முடியுமா? 'கோரலைன்' போட்டியிட்ட ஆஸ்கர் விருதை வென்ற 'அப்' படத்தில், ஒரு கணவன் மனைவியின் வாழ்நாள் முழுதும் ஒரு சொல்லும் இன்றிச் சில நிமிடங்களில் சொல்லப்படுகிறது. செலிக் 1993-இல் இயக்கிய 'கிறிஸ்துமஸுக்கு முந்தைய கொடுங்கனவு' டிஸ்னியின் பணத்தில் உருவானதே. ஆனால் தன் பெயருக்கு அது ஒவ்வாத இருட்டு என்று கருதி, டச்ஸ்டோன் என்ற வேறு பெயரில் அந்நிறுவனம் அதை வெளியிட்டது. இந்தத் தயக்கந்தான் நம் இல்லங்களிலும் நிலவுகிறது: வெளித்தோற்றத்தைக் கண்டு பயப்படுவது, உட்பொருளை விசாரியாதிருப்பது.

பொம்மை என்றாலே தயங்குவோருக்கும் ஒன்று நினைவூட்டலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே கந்தல் துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததாக நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்தனவே என்று அன்னையார் விடை பகர, அண்ணலார் சிரித்தார்கள். குழந்தைகளின் பொம்மைகளுக்குப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் விலக்களித்திருப்பதற்கு இத்தகைய செய்திகளே ஆதாரம். இதில் நம் மனத்தைத் தொடுவது வேறொன்று. அண்ணலார், இது என்ன என்று கேட்டார்கள்.

நம் இல்லங்களில் இல்லாது போனது அந்தக் கேள்விதான். விழுப்புரத்துத் தாயும் படத்தை விசாரிக்கவில்லை, திண்டிவனத்து வீட்டாரும் விசாரிக்கவில்லை. ஒருவர் இருட்டைக் கண்டு அணைத்தார். மற்றவர் வெளிச்சத்தைக் கண்டு ஓடவிட்டார்.

ஊர் திரும்புமுன் தங்கை மகளிடம் இதைச் சொன்னோம். அவள் முதலில் ஒப்பவில்லை. பிறகு, "முழுவதும் நீங்கள் பக்கத்தில் இருப்பதென்றால் பார்க்கட்டும்" என்றாள். நீயும் இருக்க வேண்டும் என்றோம். வரும் விடுமுறையில் திண்டிவனத்துப் பிள்ளைகளையும் விழுப்புரத்திற்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. நின்ற இடத்திலிருந்து அன்று, முதலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது பேரனின் நிபந்தனை. அந்த விருந்துக் காட்சியை அம்மா இன்னொரு முறை சரியாகப் பார்க்க வேண்டுமாம்.