ஓக் ஹில்லில் ஒரு பாரின் விலை

நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள ஓக் ஹில் கோல்ஃப் மைதானத்தைப் பார்ப்பவர்கள், காட்டுக்குள் பாதை வெட்டியிருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். உண்மையில் அது பழைய விளைநிலம். 1920களில் டொனால்ட் ராஸ் வடிவமைத்த மைதானத்தைச் சுற்றி மரங்களை நட்டுத் தள்ளியவர் ஜான் வில்லியம்ஸ் என்ற உள்ளூர் மருத்துவர். அண்மையில் புல்லுக்கு வெயிலும் காற்றும் வேண்டுமென்று அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை வெட்டினார்கள். சரியான முடிவுதான், மனசு கேட்கவில்லை என்றாலும்.

இலையுதிர்காலத்தில் இத்தகைய பூங்கா மைதானங்கள் வேறு முகம் காட்டும். குளிர்காற்றில் பந்து வழக்கமான தூரம் போகாது. கடலோர மைதானத்தின் மணல் தண்ணீரை உடனே குடித்துவிடும். இங்கே மண் ஈரத்தை விடாது, விழுந்த பந்து உருளாமல் அங்கேயே நிற்கும். போதாக்குறைக்கு உதிர்ந்த இலைகள். தேட மூன்று நிமிடம்தான். தாண்டினால் பந்து தொலைந்ததாகக் கணக்கு. கிடைத்தாலும், ஃபேர்வேயிலோ ரஃபிலோ இலையை விலக்கும்போது பந்து அசைந்துவிட்டால் ஓர் அடி தண்டம். ஆக, இந்தப் பருவத்தில் பார் எடுப்பதே, அதாவது குழிக்கென வகுத்த அடிக்கணக்கில் முடிப்பதே, பெரிய காரியம்.

1995 செப்டம்பர் 24 இதற்குச் சாட்சி. ஓக் ஹில்லில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதிய ரைடர் கோப்பையின் கடைசி நாள். 9–7 என அமெரிக்கா முன்னிலை. அமெரிக்காவின் கர்ட்டிஸ் ஸ்ட்ரேஞ்சுக்கு எதிரே ஐரோப்பாவின் நிக் ஃபால்டோ. இதே மைதானத்தில் 1989 அமெரிக்க ஓபனை வென்றவர் ஸ்ட்ரேஞ்ச். அப்போது தொடர்ந்து 35 குழிகளில் ஒரு பேர்டிகூட (பாரைவிட ஓர் அடி குறைவு) இல்லாமல், பொறுமையாகப் பார்களைச் சேர்த்தே ஜெயித்தார். அந்த நிதானத்தை நம்பித்தான் கேப்டன் லேனி வாட்கின்ஸ் அவரை அணிக்கு அழைத்தார்.

ஆட்டம் சமநிலையில் இருக்க, 18ஆவது குழியில் ஃபால்டோவின் முதல் அடி ரஃபுக்குள் போனது. கிரீனைக் குறிவைத்து வீரம் காட்டவில்லை. பந்தை ஃபேர்வேக்கு எடுத்து, சுமார் 90 கெஜத்திலிருந்து வெட்ஜால் கொடிக்கு நாலடி பக்கத்தில் நிறுத்தினார். பார். நல்ல இடத்திலிருந்து அடித்த ஸ்ட்ரேஞ்சின் பந்தோ கிரீனுக்கு எட்டவில்லை. போகி, பாரைவிட ஓர் அடி கூடுதல். கடைசி மூன்று குழிகளிலும் அவருக்குப் போகிதான்.

வாட்கின்ஸைப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. தேர்வில் பிழையில்லை என்பேன். ஐரோப்பா வென்றது 14½–13½ என்ற கணக்கில். ஸ்ட்ரேஞ்ச் அந்தக் கடைசிக் குழியில் ஒரு பார் எடுத்திருந்தால் அவர்கள் ஆட்டம் சமன். மொத்தக் கணக்கு 14–14. நடப்புச் சாம்பியனான அமெரிக்காவிடமே கோப்பை தங்கியிருக்கும்.